கம்ப்யூட்டர் பீப் பீப்னு கத்துது, ஆன் ஆக மாட்டேங்குது: எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

பவர் பட்டனை அழுத்துறீங்க, ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஆனா ஸ்க்ரீன் மட்டும் கருப்பாவே இருக்கு, உள்ளேருந்து பீப் பீப்னு ஒரு சத்தம். உடனே எல்லாருக்கும் வர்ற பயம் ரெண்டு, ஒண்ணு மதர்போர்டு (எல்லா பார்ட்டும் மாட்டியிருக்குற மெயின் போர்டு) போச்சு, இன்னொண்ணு உள்ள இருந்த போட்டோ ஃபைல் எல்லாம் போச்சு. அநேகமா ரெண்டுமே இல்ல. பீப் வருதுன்னாலே மதர்போர்டுக்கு கரண்ட் போகுது, பயாஸ் (ஆன் ஆனதும் போர்டுல முதல்ல ஓடுற குட்டி ப்ரோக்ராம்) ஓடுது, எந்த இடத்துல இடிக்குதுன்னு சொல்ற அளவுக்கு போர்டுக்கு இன்னும் உயிர் இருக்குன்னு அர்த்தம். சத்தமே இல்லாம கிடக்குற மெஷினைத்தான் கண்டுபிடிக்கிறது கஷ்டம், கத்துறதை சரி பண்றது பாதி நேரம் வீட்டிலேயே, காசு செலவில்லாம முடிஞ்சிடும்.

ஃபைலைப் பத்தியும் இப்பவே சொல்லிடறேன். பவர் ஆன் ஆனதும் கம்ப்யூட்டர் முதல்ல தன்னைத்தானே ஒரு தடவை செக் பண்ணிக்கும், அதுக்கு போஸ்ட்னு பேரு. ப்ராசஸர் (கம்ப்யூட்டரோட மூளை), ரேம் (வேலை நடக்கும்போது மட்டும் பயன்படுற தற்காலிக மெமரி), டிஸ்ப்ளே (ஸ்க்ரீனுக்குப் படம் அனுப்புற பகுதி) இதெல்லாம் சரியா இருந்தாதான் அடுத்து ஹார்ட் டிஸ்க் பக்கமோ எஸ்எஸ்டி பக்கமோ போய் விண்டோஸைத் தேடும். டிஸ்ப்ளே இன்னும் எழுந்திருக்காததால ஸ்க்ரீன்ல எழுதிக் காட்ட வழி இல்ல, அதனாலதான் சத்தமா சொல்லுது. அந்தக் கட்டத்துல நிக்குதுன்னா உங்க டிஸ்கை அது இன்னும் தொடவே இல்ல. அதனால விண்டோஸை திரும்பப் போட்டா சரியாயிடும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, பீப்புக்கும் விண்டோஸுக்கும் சம்பந்தமே இல்ல.

முதல்ல, கத்துறது யாரு?

சிரிக்காதீங்க, இது நிஜமாவே நடக்குறதுதான். யூபிஎஸ் பேட்டரி வீக் ஆனாலோ லோடு ஜாஸ்தி ஆனாலோ அதுவும் பீப் பீப்னுதான் கத்தும், ரெண்டும் ஒரே மேஜைக்கு அடியில இருந்தா எது கத்துதுன்னே தெரியாது. காதை வச்சுக் கேளுங்க. சந்தேகமா இருந்தா கம்ப்யூட்டரை யூபிஎஸ்ல இருந்து எடுத்து நேரா சுவர் ப்ளக்ல போட்டுப் பாருங்க.

கம்ப்யூட்டர்தான் கத்துதுன்னு உறுதியானதும் கேபினெட்டைத் திறக்க ஓடாதீங்க. ஆஃப் பண்ணி திரும்ப ஆன் பண்ணுங்க, போன்ல சத்தத்தை ரெக்கார்ட் பண்ணிக்கோங்க, அப்புறம் நிதானமா கேட்டு எழுதி வைங்க: எத்தனை நீளமான பீப், எத்தனை குட்டி பீப், நடுவுல எவ்ளோ இடைவெளி, ஒரு தடவை அடிச்சிட்டு நிக்குதா இல்ல அதே மாதிரி திரும்பத் திரும்ப வருதா. நேர்ல எண்ணும்போது பதட்டத்துல நாலை அஞ்சுன்னு எண்ணிடுவோம், அந்த ஒரு எண்ணிக்கை மாறினா தேடற பார்ட்டே மாறிடும்.

ஒரே ஒரு குட்டி பீப் அடிச்சிட்டு அமைதியாயிடுச்சுன்னா நிறைய மெஷின்ல அது எல்லாம் ஓகேங்கிற சிக்னல். அப்ப நீங்க பாக்க வேண்டியது மானிட்டரை. மானிட்டர் ஆன்ல இருக்கா, இன்புட் சரியான போர்ட்ல இருக்கா, கேபிள் ரெண்டு பக்கமும் இறுக்கமா இருக்கா. தனி கிராபிக்ஸ் கார்டு (ஸ்க்ரீனுக்குப் படம் அனுப்புற தனி பார்ட்) போட்டிருக்கிறவங்க மானிட்டர் கேபிளை கார்டுல இருக்குற போர்ட்ல சொருகணும், மேல மதர்போர்டு பக்கம் இருக்குற எச்டிஎம்ஐல சொருகிட்டு ஸ்க்ரீன் வரலன்னு தேடுறவங்க நிறைய பேர்.

பீப்புக்கு அர்த்தம் பாக்குறது

இங்கதான் புதுசா வர்றவங்க ஏமாறுற இடம். நெட்ல ஒரு பட்டியல் கிடைக்கும், அதை அப்படியே நம்பி பார்ட் வாங்கிடுவாங்க. பீப் கோடுக்கு உலகம் பூரா ஒரே விதி கிடையாது, பயாஸ் செஞ்ச கம்பெனியையும் போர்டு செஞ்ச கம்பெனியையும் பொறுத்து மாறும். ஒரு உதாரணம் பாருங்க, ஒரு நீளம் ரெண்டு குட்டி. பழைய அவார்ட் பயாஸ்ல அது டிஸ்ப்ளே பிரச்சனை, அதே சத்தம் ஆசுஸ் போர்டுல வந்தா ரேம் கண்டுபிடிக்க முடியலன்னு அர்த்தம், ஆசுஸ்ல டிஸ்ப்ளேக்கு ஒரு நீளம் மூணு குட்டி. தப்பான பட்டியலைப் பாத்தா நல்லா இருக்குற கிராபிக்ஸ் கார்டைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கி அப்பவும் அதே சத்தம்தான் கேப்பீங்க.

அதனால உங்க மெஷினோட மாடலை முதல்ல கண்டுபிடிங்க. பிராண்டட் கம்ப்யூட்டர்னா பின்னாடியோ பக்கத்துலயோ ஸ்டிக்கர் இருக்கும். அசெம்பிள் பண்ணதுன்னா மதர்போர்டு மேலயே மாடல் பேர் பெருசா அச்சடிச்சிருக்கும். அந்த பேரைப் போட்டு கம்பெனி சைட்ல மேனுவலை எடுத்துப் பாருங்க, அதுல இருக்குறதுதான் வேதவாக்கு.

சும்மா ஒரு அடையாளத்துக்கு சிலது சொல்றேன். ஏஎம்ஐ பயாஸ்ல ரெண்டு மூணு குட்டி பீப் வந்தா பெரும்பாலும் ரேம் சம்பந்தப்பட்டது, அஞ்சு ப்ராசஸர், எட்டு டிஸ்ப்ளே மெமரி. அவார்ட்ல நீளமான பீப் நிக்காம திரும்பத் திரும்ப வந்தா ரேம். டெல் மெஷின்கள்ல ரெண்டு பீப்புன்னா ரேமே தெரியல, நாலுன்னா ரேம் இருக்கு ஆனா பழுது, அஞ்சு சிமாஸ் பேட்டரி (பயாஸ் செட்டிங்கையும் நேரத்தையும் காப்பாத்துற காயின் பேட்டரி), ஆறு டிஸ்ப்ளே, ஏழு ப்ராசஸர். எச்பில நீளமும் குட்டியும் கலந்து வரும், கூடவே லைட்டும் சிவப்பு வெள்ளைன்னு மின்னும், மூணு நீளம் ரெண்டு குட்டின்னா ரேம். பீனிக்ஸ் பயாஸ் ஒரு பெரிய தலைவலி, அது ஒண்ணு, இடைவெளி, மூணு, இடைவெளின்னு தந்தி அடிக்கிற மாதிரி அடிக்கும், மேனுவல் இல்லாம அதை யூகிக்கவே முயற்சி பண்ணாதீங்க.

கவனிச்சுப் பாத்தா இந்த லிஸ்ட்ல திரும்பத் திரும்ப வர்ற பேர் ரேம்தான். கோடு புரியலன்னாலும் பரவால்ல, ரேம்லேருந்து ஆரம்பிச்சா பெரும்பாலான நேரம் சரியான இடத்துலதான் கை வச்சிருப்பீங்க.

கேபினெட்டைத் திறக்குறதுக்கு முன்னாடி

ஷட் டவுன் பண்ணி, பின்னாடி எஸ்எம்பிஎஸ் (உள்ள எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்குற பெட்டி) ஸ்விட்சை ஆஃப் பண்ணி, பவர் கேபிளை உருவிடுங்க. உருவினதுக்கு அப்புறம் பவர் பட்டனை ஒரு பத்து பதினஞ்சு செகண்ட் அழுத்திப் பிடிங்க, உள்ள மிச்சம் இருக்குற கரண்ட் வடிஞ்சிடும். கேபினெட்டோட பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொட்டுட்டு அப்புறம் பார்ட்டைத் தொடுங்க, நம்ம உடம்புல இருக்குற ஸ்டேட்டிக் சார்ஜ் நமக்கே தெரியாம சிப்பைக் கெடுத்துடும், கார்ப்பெட் மேல உக்காந்து வேலை பாக்கவே வேண்டாம். எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கோங்க. அப்புறம் ஒரே ஒரு விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருங்க, எஸ்எம்பிஎஸ் பெட்டியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீங்க, ப்ளக்கை உருவினதுக்கு அப்புறமும் உள்ள கெப்பாசிட்டர்ல ஆளைத் தூக்கி அடிக்கிற அளவு சார்ஜ் இருக்கலாம்.

இன்னொரு விதி, இதை மறந்தா எல்லாம் வீண்: ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம். ரேமைத் தொட்டீங்களா, மூடி வச்சு ஆன் பண்ணிப் பாருங்க. அப்புறம் அடுத்தது. நாலையும் ஒரே நேரத்துல கழட்டி மாட்டினா சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது, சரியாகலன்னா புதுசா நீங்களே ஒரு பிரச்சனையைச் சேத்தீங்களான்னும் தெரியாது.

வெளிய இருக்குறதை எல்லாம் உருவுங்க

பிரின்டர், பென்டிரைவ், வெப்கேம், ஹெட்செட், வெளி ஹார்ட் டிஸ்க், கீபோர்டு மவுஸ் உட்பட எல்லாத்தையும் எடுத்துட்டு மானிட்டரும் பவர் கேபிளும் மட்டும் வச்சு ஆன் பண்ணுங்க. கீபோர்டுல ஒரு கீ அமுங்கிப் போய் ஒட்டிக்கிட்டு இருந்தாலே சில மெஷின் விடாம கத்தும், கீபோர்டு மேல ஒரு புக்கு சாஞ்சிருந்தாக்கூட போதும். யூஎஸ்பி போர்ட்டுக்குள்ள எட்டிப் பாருங்க, உள்ள இருக்குற தகடு வளைஞ்சு பக்கத்துல இருக்குற இரும்பைத் தொட்டுக்கிட்டு இருந்தா ஷார்ட் ஆகி போர்டு எழும்பாது. இதுலயே சத்தம் நின்னா ஒவ்வொண்ணா திரும்ப சொருகுங்க, எதைச் சொருகும்போது கத்துதோ அதுதான் ஆளு.

ரேம், இங்கதான் நேரம் செலவு பண்ணணும்

ரேம் ஸ்லாட்டோட ஓரத்துல க்ளிப் இருக்கும், சில போர்டுல ரெண்டு பக்கமும், சிலதுல ஒரு பக்கம் மட்டும். க்ளிப்பை வெளிப்பக்கம் தள்ளினா ரேம் கொஞ்சம் மேல எழும்பும், ரெண்டு ஓரத்தையும் பிடிச்சு நேரா மேல எடுங்க, தங்கக் கலர்ல இருக்குற பல்லு வரிசையில விரல் படாம.

அந்தப் பல்லு வரிசையைப் பாருங்க. மங்கிப் போயிருந்தாலோ அழுக்குப் படிஞ்சிருந்தாலோ சுத்தமான துணியில கொஞ்சம் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவா துடைச்சு நல்லா காய விடுங்க. பென்சில் ரப்பரால தேய்க்கிற பழக்கம் எல்லா இடத்துலயும் இருக்கு, வேலை செய்யும்தான், ஆனா மேல இருக்குறது ரொம்ப மெல்லிசான தங்கப் பூச்சு, அழுத்தித் தேய்ச்சா அதுவும் சேந்து போயிடும். வேற எதுவும் இல்லன்னா மென்மையான வெள்ளை ரப்பரால லேசா ரெண்டு இழுப்பு, அதுக்கு மேல வேண்டாம், ரப்பர் துகள் ஒண்ணுகூட ஸ்லாட்டுக்குள்ள விழாம பாத்துக்கோங்க. ஸ்லாட்டை சுத்தம் பண்ண காத்தடிக்கிற ப்ளோயரோ மென்மையான காஞ்ச பிரஷ்ஷோ போதும். வாயால ஊதாதீங்க, எச்சில் தெறிக்கும்.

திரும்ப மாட்டும்போது ரேம்ல இருக்குற வெட்டும் ஸ்லாட்ல இருக்குற மேடும் ஒண்ணா இருக்கான்னு பாத்துக்கோங்க. டெஸ்க்டாப்ல டிடிஆர்4, டிடிஆர்5ங்கிற ரெண்டு ரேம் வகைக்குமே 288 பின்தான், ஆனா வெட்டு வேற இடத்துல இருக்கும், ஒண்ணு இன்னொண்ணுல போகாது, போகலன்னா பலத்தைக் காட்டாதீங்க. சரியான ரேம்னு தெரிஞ்சா மட்டும் ரெண்டு ஓரத்துலயும் கட்டை விரலை வச்சு டக்குனு சத்தம் வந்து க்ளிப் தானா மூடுற வரைக்கும் அழுத்துங்க. புதுசா பண்றவங்களுக்கு இந்த இடத்துல பயம் வந்து பாதியிலேயே விட்டுடுவாங்க, பாக்க உள்ள போன மாதிரியே இருக்கும், ஒரு பக்கம் மட்டும் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கிட்டு நிக்கும், அது போதும் கம்ப்யூட்டர் கத்துறதுக்கு.

சரியாகலையா, ஒண்ணுக்கு மேல ரேம் இருந்தா ஒரே ஒரு ரேமை மட்டும் போட்டுப் பாருங்க. நாலு ஸ்லாட் இருக்குற இப்பத்திய போர்டுகள்ல பொதுவா ப்ராசஸர் பக்கத்துலேருந்து எண்ணி ரெண்டாவது ஸ்லாட், மேனுவல்ல ஏ2ன்னு போட்டிருக்கும், ஒத்தை ரேமுக்கு அதுதான் இடம், ரெண்டு ரேம்னா ரெண்டாவதும் நாலாவதும். பழைய போர்டுல இது மாறும். அதே ஸ்லாட்ல ஒவ்வொரு ரேமா மாத்திப் பாருங்க, அப்புறம் வேலை செய்யுற ரேமை வச்சு ஒவ்வொரு ஸ்லாட்டா பாருங்க. ஒரு ரேம் எந்த ஸ்லாட்லயும் வேலை செய்யலன்னா ரேம் போயிடுச்சு, எல்லா ரேமும் ஒரு ஸ்லாட்ல மட்டும் தகராறு பண்ணா ஸ்லாட் போயிடுச்சு, தனித்தனியா ரெண்டும் ஓடுது சேத்துப் போட்டா கத்துதுன்னா ரெண்டும் வேற வேற வேகம், வேற வேற கம்பெனியா இருக்கலாம், ஒத்துப் போகல.

ஒரு எச்சரிக்கை, டிடிஆர்5 மெஷின்ல ரேமை மாத்தினதும் முதல் தடவை ஆன் ஆகும்போது போர்டு ரேமோட பழகிக்க சில நிமிஷம் எடுத்துக்கும், அதுவரைக்கும் ஸ்க்ரீன் கருப்புதான். அவசரப்பட்டு ஆஃப் பண்ணிடாதீங்க, பத்து நிமிஷம் விட்டுப் பாருங்க.

ரேமே இல்லாம ஆன் பண்ணிப் பாருங்க

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட், காசும் இல்ல ஆபத்தும் இல்ல. எல்லா ரேமையும் எடுத்துட்டு ஆன் பண்ணுங்க. ரேம் இல்லைன்னு பீப் அடிச்சா போர்டு, ப்ராசஸர், எஸ்எம்பிஎஸ் மூணும் அடிப்படையில வேலை செய்யுதுன்னு ஒரே அடியில தெரிஞ்சிடும். முன்னாடி கேட்ட அதே சத்தம்தான் இப்பவும் வருதுன்னா அப்பவும் அது ரேம் இருக்குறதையே பாக்கல, ஸ்லாட்டோ ரேமோதான். முன்னாடி வேற சத்தம், இப்ப வேற சத்தம்னா முன்னாடி போர்டு ரேமைப் பாத்திருக்கு, அந்தப் பழைய சத்தத்துக்கு மேனுவல்ல ரேம் பழுதுன்னு போடலன்னா அடுத்ததுக்குப் போங்க. புதுசா ப்ராசஸரையோ கூலரையோ மாத்தினதுக்கு அப்புறம் இந்த ரேம் பீப் ஆரம்பிச்சிருந்தா மட்டும் ரேமை சந்தேகப்படுறதுக்கு முன்னாடி ப்ராசஸர் சாக்கெட்டைப் பாருங்க, ஒரு பின் வளைஞ்சாலும், கூலர் ஸ்க்ரூவை ஒரு பக்கமா இறுக்கினாலும் ரேம் தெரியாமப் போகும்.

டிஸ்ப்ளே கோடு வந்தா

கிராபிக்ஸ் கார்டைக் கழட்டி திரும்ப மாட்டுங்க. கழட்டுறதுக்கு முன்னாடி பின்னாடி ஸ்க்ரூவை எடுக்கணும், ஸ்லாட் கடைசியில ஒரு சின்ன லாக் இருக்கும், அதை அமுக்காம இழுத்தா ஸ்லாட்டே பேந்து வந்துடும். கார்டுக்கு மேல ஆறு பின்னோ எட்டு பின்னோ பவர் கனெக்டர் இருந்தா அதுல கேபிள் இறுக்கமா இருக்கான்னு பாருங்க, சில கார்டு அந்தக் கேபிள் இல்லன்னா காது கிழியுற மாதிரி விடாம கத்தும்.

அப்பவும் வந்தா கார்டை வெளிய வச்சிட்டு மதர்போர்டு டிஸ்ப்ளேல ஓட்டிப் பாருங்க. இது எல்லாராலயும் முடியாது. இன்டெல்ல பேர் கடைசியில எஃப்னு இருக்குற ப்ராசஸர்ல உள்ளேயே டிஸ்ப்ளே கிடையாது, ஏஎம்டி ரைசன்ல 5000 சீரிஸ் வரைக்கும் பொதுவா ஜி எழுத்து இருக்குறதுக்குத்தான் உண்டு. உள்ளேயே டிஸ்ப்ளே இல்லாத ப்ராசஸர்ல கார்டை எடுத்தா கண்டிப்பா கத்தும், அதை வச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க, தெரிஞ்சவங்க யாராவது ஒரு கார்டு தந்தா போட்டுப் பாக்கலாம்.

பவர் கேபிள், சிமாஸ், மத்ததெல்லாம்

மதர்போர்டுக்கு ரெண்டு பவர் கேபிள் போகுது, ஒண்ணு பெருசு 24 பின், இன்னொண்ணு ப்ராசஸர் பக்கத்து மூலையில நாலோ எட்டோ பின். ரெண்டாவதை மறந்துட்டு ஃபேன் சுத்துதே, ஏன் வரலன்னு கேக்குறவங்க உண்டு. அழுத்தி மாட்டுங்க. அப்படியே போர்டு மேல இருக்குற கெப்பாசிட்டர்களோட தலை தட்டையா இருக்கா பாருங்க, உப்பியிருந்தாலோ ஒழுகியிருந்தாலோ, கருகின வாசனை வந்தாலோ வீட்டு வைத்தியத்தை அங்கயே நிறுத்திடுங்க.

சிமாஸை, அதாவது பயாஸ் செட்டிங்கை, ரீசெட் பண்ண கேபிளை உருவிட்டு காயின் மாதிரி இருக்குற பேட்டரியை எடுத்து அஞ்சு நிமிஷம் கழிச்சு மாட்டினாப் போதும். பேட்டரி பெரும்பாலும் சிஆர்2032, மூணு வோல்ட், எழுத்து இருக்குற பக்கம் வெளிய தெரியணும். ஓவர்க்ளாக் (வேகத்தை அளவுக்கு மேல ஏத்துறது) பண்ணினதோ ரேம் வேகத்தை எக்ஸ்எம்பில (ரேமை வேகமா ஓட்டுற பயாஸ் செட்டிங்) ஏத்தினதோ காரணம்னா இதுலயே சரியாயிடும். மாட்டினதும் மெஷின் தானா ரெண்டு மூணு தடவை ஆன் ஆகி ஆஃப் ஆகலாம், பயப்படாதீங்க. ஆனா ஒண்ணு, விண்டோஸ்ல பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கிற வசதி) ஆன்ல இருந்தா ரீசெட்டுக்கு அப்புறம் ரெக்கவரி கீ கேக்க வாய்ப்பு இருக்கு, அது பெரும்பாலும் உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல சேவ் ஆகியிருக்கும், போன்ல லாகின் பண்ணி முன்னாடியே எடுத்து எழுதி வச்சிட்டு அப்புறம் பேட்டரியில கை வைங்க.

கம்ப்யூட்டர் நல்லா ஆன் ஆகி ஓடிக்கிட்டு இருக்கும்போது நடுவுல கத்துச்சுன்னா அது பெரும்பாலும் சூடு. ப்ராசஸர் ஃபேன் சுத்துதா, தூசி அடைச்சிருக்கா, ஃபேன் கேபிள் போர்டுல சிபியு ஃபேன்னு எழுதின இடத்துல இருக்கா, ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவுல தடவின தெர்மல் பேஸ்ட் காஞ்சு போச்சான்னு பாருங்க.

சத்தமே வராத புது கேபினெட் நிறைய இருக்கு, பீப் ஸ்பீக்கரையே கூடத் தர்றதில்ல. நாலு பின்ல சொருகுற குட்டி ஸ்பீக்கர் தனியா கிடைக்கும். இல்லன்னா போர்டு ஓரத்துல சிபியு (ப்ராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (டிஸ்ப்ளே), பூட் (டிஸ்க்)னு எழுதின நாலு குட்டி லைட்டைத் தேடுங்க, எது அணையாம எரியுதோ அங்கதான் நிக்குது. லேப்டாப்லயும் இதே கதைதான், ஆனா ரேம் போர்டோட சேத்தே சால்டர் பண்ணியிருந்தா நம்மால ஒண்ணும் பண்ண முடியாது. சார்ஜரை எடுத்துட்டு பவர் பட்டனை அரை நிமிஷம் பிடிச்சு வச்சிட்டு திரும்ப ஆன் பண்ணிப் பாக்குறது மட்டும் எல்லாருக்கும் பொது.

ஆன் ஆயிடுச்சுன்னா

சந்தோஷத்துல உடனே மூடிடாதீங்க. முதல் வேலை முக்கியமான ஃபைலை வேற இடத்துல காப்பி பண்ணுங்க. அப்புறம் மெம்டெஸ்ட்86ங்கிற ரேம் டெஸ்ட் ப்ரோக்ராமை ஒரு பென்டிரைவ்ல போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்க, ஒரே ஒரு எரர் வந்தாலும் ரேம் போற வழியிலதான் இருக்கு, மாத்திடுங்க. எக்ஸ்எம்பி போட்டிருந்தா சில நாள் அது இல்லாமலே ஓட்டிப் பாருங்க. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் தேதியும் நேரமும் பழசுக்குப் போனா காயின் பேட்டரி தீந்துடுச்சு.

இவ்ளோ பண்ணியும் கத்துதுன்னா மிச்சம் இருக்குறது போர்டோ ப்ராசஸரோ எஸ்எம்பிஎஸ்ஸோதான், மாத்திப் போட்டுப் பாக்க உதிரி பார்ட் இல்லாம அதை வீட்ல கண்டுபிடிக்க முடியாது. வாரன்டி இருக்கான்னு முதல்ல பாருங்க. சர்வீஸுக்குக் கொண்டு போகும்போது கம்ப்யூட்டர் ஆன் ஆகலன்னு மொட்டையா சொல்லாம பீப் ரெக்கார்டிங்கை போட்டுக் காட்டுங்க, எந்த ரேமை எந்த ஸ்லாட்ல போட்டு என்ன ஆச்சுன்னு எழுதினதைக் குடுங்க, டிஸ்கை ஃபார்மட் பண்ண வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடுங்க, டெஸ்க்டாப்னா டிஸ்கைக் கழட்டி வீட்லயே வச்சிட்டும் போகலாம், இந்தப் பிரச்சனையைப் பாக்க அவங்களுக்கு அது தேவையே இல்ல.